மாப்பிள்ளை தோற்காத வீடு

எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை சீட்டாட்டத்தில் தோற்பதில்லை. பெண் வீட்டுக்காரர்கள் தோற்க வேண்டும், அதுவும் வேண்டுமென்றே தோற்பது தெரியாமல் தோற்க வேண்டும். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வேறு பெயர் சொல்வேன், ஆனால் இன்னும் சில கல்யாணச் சாப்பாடுகளுக்குப் போக வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கம் தொடங்கிய நாளை என்னால் சொல்ல முடியும். அக்காவின் தலைதீபாவளி. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் அப்போது எங்கள் வீடு. சாப்பாடு முடிந்து புது மாப்பிள்ளை, அதாவது என் அத்திம்பேர், ரம்மி ஆட உட்கார்ந்தார். அப்பா தன் கையில் சேர்ந்திருந்ததை எல்லாம் உடைத்து, அவருக்கு வேண்டிய சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். அத்திம்பேர் விளக்கேற்றும் வரை ஜெயித்துக்கொண்டே இருந்தார். பிறகு அப்பா காலமானார், அத்திம்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தான் பெரிய ஆட்டக்காரர் என்ற நினைப்பு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அப்பா செய்தது தெரியாதவர் என்றால், தன் முறை வந்தபோது அதையே அச்சு அசலாகச் செய்ய அவருக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த முறை வந்தது, லஸ் முனையை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில். அக்கா பெண்ணுக்கு ஒரு வரன். மார்கழி கழியட்டும் என்று காத்திருந்து, பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் அவர்கள் ஃபிளாட்டுக்குப் பையனும் அவன் அம்மாவும் அடையாறிலிருந்து வந்தார்கள். சொஜ்ஜி பஜ்ஜி ஆயிற்று. சம்பளம், அமெரிக்கா, முழங்கால் வலி எல்லாம் பேசியாயிற்று. பேச்சு வற்றிய இடத்தில் அத்திம்பேர் சீட்டுக்கட்டை எடுத்தார். பையன் கண் மலர்ந்தது. "ரம்மியா அங்கிள்? காலேஜ்ல நான்தான் கிங்" என்றான்.

அன்று அவன் ஜெயித்தான். தைப்பூசம் கழிந்த ஞாயிறு மறுபடி வந்தான், மறுபடி ஜெயித்தான். அத்திம்பேர் அவனுக்கு முன்கையாக உட்கார்ந்துகொண்டார். அவர் கழிக்கும் சீட்டு நேரே அவனுக்குப் போகும். ராஜா, ராணி, ஜாக்கி என்று அழகாகச் சேர்ந்திருந்த வரிசையை உடைத்து ராணியை எறிந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவன் அதை எடுத்துச் செருகிக்கொண்டு, "அங்கிள், நீங்க ரொம்ப அவசரப்படறேள்" என்றான்.

இலவசமாகக் கிடைத்த வெற்றியைத் திறமை என்று நம்புபவன் அடுத்து வாத்தியார் ஆகிவிடுவான். இவனும் ஆனான். "ஆன்ட்டி, பெரிய சீட்டெல்லாம் கையில வச்சுண்டே இருக்கக் கூடாது. முதல்ல கழிச்சுடணும்" என்று என் அக்காவுக்குப் பாடம் நடத்தினான். அக்கா, கீழே விழுந்த சீட்டு அத்தனையையும் வரிசை மாறாமல் மனதில் வைத்திருப்பவள், என்னை எத்தனையோ மத்தியானங்களில் கதறவிட்டவள், "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டாள். அவன் அம்மா அந்தப் பக்கம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் கிளம்பிய பிறகு அக்கா பெண் என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, சிவராத்திரிக்குள்ள பதில் சொல்லணுமாம். இல்லேன்னா மண்டபம் கிடைக்காதாம்."

"சொல்லேன். பிடிச்சிருக்கா?"

"அதுதான் தெரியலை. நன்னாத்தான் பேசறான், பாக்கவும் ஓகே. ஜெயிச்சா யாருமே நன்னாத்தான் இருப்பா. தோத்தா எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியணும். இந்த ஆத்துல அதை மட்டும் பாக்க விட மாட்டேங்கறா."

"நீ ஜெயியேன்."

"அப்பா காலை மிதிக்கறார் மாமா, டேபிளுக்கு அடியில!"

சிவராத்திரிக்கு முந்தைய ஞாயிறு மூன்றாவது வருகை. வாசலிலேயே அவள் ஷூ போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பையனின் அம்மா, "எங்கேயாவது கிளம்பறியாம்மா?" என்றாள். "இல்ல மாமி, தரை ஜில்லுனு இருக்கு" என்றாள் இவள்.

முதல் ஆட்டத்துக்குப் பையனே சீட்டுப் போட்டான். கலைப்பதிலும் அவனுக்கு ஒரு வித்தை உண்டு. கட்டை இரண்டாகப் பிரித்து, வில்லாக வளைத்து, சரசரவென்று விழவிடுவான். எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் போட ஆரம்பிப்பான். ஆட்டம் நடந்தது. அத்திம்பேர் வழக்கம்போல் தன் கையைச் சிதைத்துக்கொண்டிருந்தார். நாலைந்து சுற்றுக்குள் பெண்ணின் முகத்தில் எதையோ கண்டு தொண்டையைச் செருமினார்.

"போய் காபி கலந்துண்டு வாயேன்டி. உன் கையை நான் பாத்துக்கறேன்."

"ஆட்டம் முடியட்டும்ப்பா."

மேசைக்கு அடியில் தொப் என்று ஒரு சத்தம். அவள் அசையவில்லை. அடுத்த சுற்றில் இஸ்பேட் ஏழைக் கவிழ்த்து வைத்து, "ஷோ" என்றாள்.

பையன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை நீட்டி, அவள் பரப்பி வைத்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ஜோக்கரை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினான். நகைக்கடையில் பழைய வளையலைப் பார்ப்பதுபோல் பார்த்தான். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை.

அத்திம்பேர் பாய்ந்தார். "இது செல்லாது. சரியாவே கலைக்கலை. எல்லாம் வரிசையா வந்து விழுந்திருக்கு பாருங்கோ. திருப்பிப் போடலாம்."

பையனின் முகத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். "ஆமா அங்கிள், நானும் அதான் நெனச்சேன். சரியா கலைக்கலை."

"கலைச்சது நீங்கதானே?" என்றாள் அவள்.

அவன் ஒரு சீட்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு அவன், "கட்டு புதுசு. ஒட்டிக்கறது" என்றான்.

"இவன் சின்ன வயசுலேந்தே இப்படித்தான். விளையாட்டுன்னா ரொம்ப சீரியஸ்" என்றாள் அவன் அம்மா, மெடலைக் குத்தி அனுப்புகிற பெருமையோடு.

சீட்டுகளை வாரித் திரும்பப் போட்டார்கள். அக்கா பெண் தன் பங்கை எடுக்காமல் எழுந்து காபி கலக்கப் போனாள். அந்த ஆட்டத்தைப் பையன் ஜெயித்தான். கேட்கவா வேண்டும்?

அன்று மாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அத்திம்பேர் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தார்.

"ஒரு சீட்டாட்டத்துக்காகவாடி? லட்சணமான பையன்!"

"ஆட்டத்துக்காக இல்லப்பா. தான்தான் கலைச்சோம்னு தெரிஞ்சுண்டே ஆமான்னானே, அதுக்காக."

"நான்தானே சொன்னேன் சரியா கலைக்கலைன்னு?"

"நீ சொன்னே. அவன் ஆமான்னான்."

அத்திம்பேர் ஆதரவு தேடி அக்காவைப் பார்த்தார். அக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "சரியாத்தான் சொல்றா. எங்கப்பா எனக்கு இப்படி ஒரு ஆட்டத்தைக் காட்டலையே" என்றாள். அவர் அதைக் காதில் வாங்காதவர்போல் டிவியைப் போட்டார்.

திங்கட்கிழமை ராகுகாலம் கழிந்ததும் அவரே தொலைபேசியில் தகவல் சொன்னார். ஜாதகத்தில் ஏதோ பொருந்தவில்லை என்று இழுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பையனின் அம்மா கோபப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. "பரவாயில்லை" என்றாள். வைக்கப்போகிறாள் என்று நினைத்தோம். வைக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லச் சொன்னான். அன்னிக்கு முதல் ஆட்டத்துல அவனுக்கு ஒரே ஒரு சீட்டுதான் வேண்டியிருந்ததாம். அடுத்த கையில அவன்தான் முடிச்சிருப்பானாம்."

அக்கா பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அத்திம்பேர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சம்பந்தம் போயிற்று, மண்டபம் போயிற்று, இழப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தி, மிகுந்த பணிவோடு சொன்னார்:

"ஆமாம் மாமி. அவர்தான் ஜெயிச்சிருப்பார். நாங்களும் அப்படித்தான் பேசிண்டோம்."