குளத்துக்குப் பாசி திரும்பிய சேதி

“தண்ணி டாக்டரம்மா இருக்காங்களா?” என்று போனில் கேட்டார் டேங்க் மாமா.

“வேலையா இருக்கேன் மாமா, சொல்லுங்க.”

“நல்ல சேதிதான். குளத்துல பாசி திரும்ப வந்துருச்சு.”

“நிஜமாவா?”

“உன்கிட்ட பொய் சொன்னா எனக்கு விருதா குடுக்கப் போறாங்க? கரையெல்லாம் பச்சைப்பசேல்னு கிடக்கு. பால்காரம்மா கன்னுகளை இறக்கலாமான்னு கேக்குது.”

“பாசி வந்துட்டா தண்ணி தேறிடுச்சு மாமா. தாராளமா இறக்கச் சொல்லுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. அவள் ஆய்வகத் தொட்டியில் குடுவைகளைக் கழுவப் போய்விட்டாள்.

அவர் அவளுடைய அம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வருஷமாகக் கூலிக்கு வயல்களில் களைக்கொல்லி அடிக்கிறவர். முதுகிலிருந்து டேங்க் இறங்காததால் அந்தப் பெயர். தோளில் பதிந்த பட்டைத் தடத்தைக் காட்டி, “தோய்க்க வேண்டாத சட்டை” என்பாள் அத்தை.

சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்றவர்கள் வேலை முடிந்ததும் டேங்கை மூலையில் கடாசுவார்கள். அவர், மருந்து டப்பாவின் சீட்டில் போட்டிருக்கிறபடி, மூன்று தடவை அலசுவார். அலசின தண்ணீரை எங்கே ஊற்றக் கூடாது என்பது அதே சீட்டின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. அவர் அலசியது குளத்துப் படியில். சின்ன வயதிலிருந்து அவள் பார்த்ததுதான். படித்து, தண்ணீர் சோதிக்கிற வேலைக்கு வந்த பிறகும் வாய் திறந்ததில்லை.

அந்தப் போனுக்குச் சில மாதம் முன்பு, படியில் வழுக்கும் நூல்பாசி காணாமல் போயிற்று. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது, ஊரே மெச்சியது. அவள் மட்டும், பாசிதான் குளத்துக்குச் சோறு, அது போனால் மீனும் போகும் என்று மாமாவிடம் சொல்லி வைத்தாள். அதனால்தான் பாசி வந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

வந்தது அந்தப் பாசி அல்ல. களைக்கொல்லிக்கு ஈடுகொடுத்து, போட்டிக்கு ஆளில்லாத தண்ணீரில் பெருகிய நீலப்பச்சைப் பாசி. அதில் சில வகை விஷம் கக்கும். அவள் படித்த இன்னொரு மொழியில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை, தனித்தனிப் பெயர். வீட்டுப் பேச்சில் இரண்டும் பாசி. நூல் நூலாக இருக்கிறதா, பெயிண்டைக் கொட்டினாற்போல் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் பால்காரம்மாவின் இரண்டு கன்றுகளும் கரையிலேயே விழுந்து செத்தன.

பாட்டிலில் அடைத்த குளத்துத் தண்ணீர் அவள் மேசைக்கே சோதனைக்கு வந்தது. அறிக்கையில் ‘காரணம்’ என்றொரு கட்டம். அதில் பென்சிலால் ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். மாமாவுக்காக என்று சொல்லிக்கொண்டாள். பாதி தனக்காக.

மாமா ஆய்வகத்துக்கே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“அந்தம்மா ஒரு வார்த்தை கேக்கல. இன்னைக்கும் எங்க வீட்டுக்குப் பால் ஊத்திட்டுத்தான் போச்சு.”

“நான்தானே மாமா இறக்கச் சொன்னேன்.”

அவர் மேசையில் கிடந்த அறிக்கையைக் காட்டினார். “இந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்க?”

படித்துக் காட்டினாள்.

“அதை அழிச்சிடும்மா. டப்பாச் சீட்டோட அடியில இருக்கறதை நேத்துதான் படிச்சேன். நான் டேங்க் அலசினதை எழுது. போன்ல நீ சொன்னதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. கன்னை இறக்கலாம்னு நானா சொன்னதாவே இருக்கட்டும்.”