நாலு இழுப்பு

துப்பாக்கி பழுது பார்ப்பதில் முப்பத்தொரு வருடம் கழித்திருந்த பிராங்க்ளின் ஒரு துப்பாக்கியைக்கூடத் தோளில் வைத்துச் சுட்டதில்லை. திண்டுக்கல்லில் உரிமம் பெற்று அவர் நடத்தும் சின்னக் கடைக்கு வருகிறவர்களுக்கு இது தெரியாது. வேலை முடிந்ததும், முதல் வெடி உடையவர் கையால் வெடித்தால்தான் ராசி என்று சொல்லிக் கொடுத்தனுப்புவார். நத்தத்து மாந்தோப்புக்காரர்கள்கூட அதைத் தொழிலின் சம்பிரதாயம் என்றே நம்பினார்கள். அது பயம் என்று அவர் மனைவி இன்னாசியம்மாளுக்கு மட்டும் தெரியும். பத்தொன்பது வயதில், காலி என்று நினைத்துக் கையில் எடுத்த துப்பாக்கி வெடித்துக் கடைக் கதவில் இடுப்பு உயரத்தில் ஓட்டை விழுந்தது. அந்தக் கதவருகே இருந்து அவர் தங்கை அப்போதுதான் நகர்ந்திருந்தாள்.

சேவுகம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சண்முகவள்ளி கொண்டுவந்தது அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி. ஊருக்கு வெளியே இருந்த கிளப் ஒன்றில், பறக்கவிடும் களிமண் தட்டுகளை அதை வைத்துத்தான் சுட்டுப் பழகினார். இப்போது பத்துக்கு ஒரு தடவை, ஒரு விசையை அழுத்தினால் இரண்டு குழலும் வெடிக்கின்றன. போன ஞாயிறு அப்படி வெடித்த இரண்டாவது தோட்டா, எதிரே தட்டு வீசும் இயந்திரம் இருக்கும் பள்ளத்துக் கொட்டகையின் தகரத்தைத் துளைத்துவிட்டது. உள்ளே இயந்திரத்தில் தட்டு வைத்துக்கொண்டிருந்த மூக்காயியின் தலைக்கும் துளைகளுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

பிராங்க்ளின் துப்பாக்கியைக் கழற்றினார். குழலுக்கு ஒரு விசை, வலதுக்கு முன்விசை, இடதுக்குப் பின்விசை. குழலுக்கு ஒரு சுத்தி, விசையை அழுத்தும்வரை அதைப் பிடித்து நிறுத்த ஒரு கொக்கி. முதல் வெடியின் அதிர்ச்சியில் மற்ற கொக்கி நழுவுவதுதான் வழக்கமான காரணம். ஆனால் லென்ஸில் பார்த்தபோது இரண்டு கொக்கிகளும் கூர்மையாக இருந்தன. சுத்திகளை ஏற்றி, பழைய டயர் மேல் அடிக்கட்டையை நாற்பது முறை குத்திப் பார்த்தார். ஒன்றும் நழுவவில்லை. ஒரு சாண் இடைவெளி அவர் மனதை விட்டுப் போகவில்லை. எதையும் செய்யாமல் திருப்பிக் கொடுக்க அவரால் முடியவில்லை. வலது கொக்கியின் விளிம்பில் மழுக்கம் இருப்பதாகத் தன்னையே நம்பவைத்து, எண்ணெய்க் கல்லில் நாலு இழுப்பு இழுத்தார். சரியாகிவிட்டது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

கிளப்பின் செயலாளர் சூசைராஜ் ஓய்வு பெற்ற சுபேதார். சண்முகவள்ளியிடம் துப்பாக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு பிராங்க்ளினையே வரச் சொல்லி அனுப்பினார். வந்ததும் நேராகச் சொன்னார்:

"ராசியெல்லாம் வீட்டோட வச்சுக்கங்க. பழுது பாத்தவர் சுடாம இது இங்க சுடுற லைனுக்கு வராது."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த மூக்காயி தன் பங்குக்குச் சொன்னார்: "இப்ப விழுந்த ஓட்டையிலயே வெளிச்சம் நல்லா வருதுண்ணே. இன்னொன்னு வேணாம்."

சூசைராஜ் ஒரு குழலில் முழுத் தோட்டாவும், மற்றதில் மருந்தும் ரவையும் நீக்கிக் கேப் மட்டும் உள்ள தோட்டாவும் போடச் சொன்னார். இரண்டு சுத்தியும் விழுந்தால் அந்தக் குழலில் கேப் மட்டும் வெடிக்கும், ரவை பாயாது. பிராங்க்ளின் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். நேரத்தைக் கடத்தவே, எந்த விசையை முதலில் அழுத்துவீர்கள் என்று சண்முகவள்ளியிடம் கேட்டார். இடது குழல் தூரத்துக்கு எட்டும் என்பதால் பின்விசையைத்தான் என்றார் அவர். கடையில் இதைக் கேட்கவே பிராங்க்ளினுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அதேபோல இடது குழலில் முழுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார். தோளில் யாரோ உதைத்ததுபோல் இருந்தது. இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது முறை வியர்த்த கைக்குள் துப்பாக்கி பின்னால் வழுக்கியது. அவர் விரல் முன்விசையைத் தாண்டி அதன் முன்னால் போய்விட்டது. பிடியை இறுக்கியதும் அதே விரல் முன்விசையையும் இழுத்துவிட்டது. டப்பென்று கேப் வெடித்தது.

நடந்ததை அவர் விளக்கியதும் சூசைராஜ் சிரித்துவிட்டார். பிடி தளர்ந்தால் யாருக்கும் இப்படி ஆகும். முன்விசையை முதலில் அழுத்திப் பழகினால் போதும். துப்பாக்கியில் குறையே இல்லை என்றதில் சண்முகவள்ளிக்கு நிம்மதி. மூக்காயி சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து கொட்டகையைப் பார்த்து நடந்தார்.

பிராங்க்ளினுக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. துப்பாக்கி குறை இல்லாமல் இருந்தது அவர் கைக்கு வரும்வரைதான். தேய்த்து மெலிந்த வலது கொக்கி இனி ஆயிரம் வெடி தாங்கலாம், இரண்டாவதிலேயே நழுவலாம். நழுவினால் சண்முகவள்ளியின் விரல்மேல்தான் பழி விழும். அவர் பெயரை யாரும் சொல்லப்போவதில்லை. இது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூக்காயி பாதி தூரம் போய்விட்டார்.

"உள்ள போகாதீங்க" என்று பிராங்க்ளின் அவரைக் கூப்பிட்டார். பிறகு சண்முகவள்ளியைப் பார்க்காமல் சொன்னார்: "நல்லா இருந்த கொக்கிய நான் தேச்சுட்டேம்மா. காரணம் தெரியாமயே தேச்சேன்."

"தெரியாம எதுக்குண்ணே தேச்சீங்க?" என்றார் சண்முகவள்ளி.

"ஒண்ணும் செய்யாம சும்மா திருப்பிக் குடுக்கப் பயமா இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சண்முகவள்ளி துப்பாக்கியை மடக்கித் திறந்து, காலியாக அவரிடம் நீட்டினார்.

புதுக் கொக்கி செய்து பொருத்த இரண்டு வாரம் ஆனது. கிளப்புக்குத் திரும்பி வந்து, வலதில் முழுத் தோட்டா, இடதில் கேப் என்றும், பிறகு மாற்றியும், அவரே இருபது முறை சுட்டார். கேப் ஒருமுறையும் வெடிக்கவில்லை. சண்முகவள்ளி சுட வந்து நின்றதும் மூக்காயி கொட்டகை வாசலில் திரும்பினார்.

"இப்ப எப்படிண்ணே? நம்பி உக்காரலாமா?"

சரியாகிவிட்டது என்று போன முறையும்தான் அவர் சொல்லி அனுப்பியிருந்தார். பிராங்க்ளின் பள்ளத்தில் இறங்கி, குனிந்து கொட்டகைக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தகரத் துளைகளின் வெளிச்சம் அவர் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. மேலே சண்முகவள்ளி தட்டு கேட்கும் குரல் வந்தது. இயந்திரம் வீசியது. வெடித்தது. அடுத்த வெடியை எதிர்பார்த்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். வரவில்லை.

மூக்காயி ஒரு அடுக்குத் தட்டை அவர் மடியில் வைத்தார்.

"ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்கண்ணே. நடுங்குறதுன்னா ஒடைக்காம நடுங்குங்க. இன்னும் இருபத்தி நாலு தட்டு இருக்கு."