புகாரில் நான் சேர்த்த ஒரு வரி

சென்ற வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரத்தில் நடந்தது இது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் நாங்கள் குடியிருக்கிறோம். என் மகள் அப்போதுதான் ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தாள். ஐந்தாவது வரை என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனவள், இனிமேல் சைக்கிளில்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம் பிடித்தாள். பள்ளிக்கூடம் ஒன்றரை கிலோமீட்டர்தான். அவளுடைய தோழிகள் நாலு பேர் சைக்கிளில் வருகிறார்கள். கணவரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். அவருக்குக் கீழ்பென்னாத்தூரில் வேலை. காலை ஏழரைக்கே பஸ் ஏறிவிடுவார். அதற்குப் பிறகு பயப்படுகிற வேலை முழுவதும் என்னுடையது.

நான் சாதாரணமாகவே பயந்த சுபாவம். கேஸை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள். அதனால் சைக்கிள் விஷயத்தில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்று, லீவு முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். கேட்டைத் திறப்பதற்கு முன்னால் தினமும் ஒரு பாடம் ஒப்பிக்க வேண்டும். 'ஓரமா போகணும். இடது பக்க ஓரத்தை விட்டு அசையக் கூடாது. பஸ் வந்தாலும் சரி, நின்னாலும் சரி, ஓரமாவே போயிடணும். நடு ரோட்டுக்கு வரவே கூடாது.' அவள் கண்ணை உருட்டிக்கொண்டே ஒப்பிப்பாள். அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

அதோடு விடவில்லை. அவள் சைக்கிளில் போக, இருபதடி பின்னால் ஸ்கூட்டியில் நானும் போவேன்.

"மா, நீ வராதமா. 'நீ என்னா மந்திரியாடி, பின்னாடி எஸ்கார்ட் வருது'ன்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க."

"பண்ணட்டும். நீ முன்னாடி பார்த்து ஓட்டு."

அன்று பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலம் முடித்த கூட்டம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. ரோட்டோரம் முழுக்கப் பையும் கையுமாக ஆட்கள், குறுக்கும் நெடுக்கும் ஆட்டோக்கள். எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்டாப்பில் ஆட்டோ நின்றதால் ஓரம் கட்ட முடியாமல், ஓரத்திலிருந்து நாலடி தள்ளியே நின்றது. பஸ்ஸுக்கும் சாக்கடைக் கல்லுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற இடம் இருந்தது. என் மகள் நான் சொல்லிக்கொடுத்தபடியே அந்த இடைவெளிக்குள் நுழைந்தாள்.

எனக்கு அப்போது திருப்தியாகக்கூட இருந்தது. ஓரமாகத்தான் போகிறாள் என்று.

அந்த நேரம் பார்த்து முன்னால் நின்ற ஆட்டோ கிளம்பியது. இடம் கிடைத்ததும் பஸ் இடது பக்கம் திரும்பியது. என் மகள் என் கண்ணிலிருந்து மறைந்துவிட்டாள். பஸ் படியில் நின்ற ஓர் அம்மா, "ஐயோ, பொண்ணு, பொண்ணு!" என்று கத்தினார். பிரேக் அடித்த சத்தத்தில் பஸ்ஸே குலுங்கியது.

ஸ்கூட்டியை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஓடிப்போய்ப் பார்த்தால், முன் சக்கரத்துக்கும் சாக்கடைக் கல்லுக்கும் நடுவில் சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது. அவள் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். முழங்கையில் சிராய்ப்பு, மட்கார்டு வளைந்திருந்தது. அவ்வளவுதான். ஆனால் சக்கரத்துக்கும் அவள் செருப்புக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

டிரைவர் கீழே இறங்கி ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். முகம் வெளுத்துப் போயிருந்தது. வந்தவர் முதலில் பிள்ளையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா, அறிவிருக்கா? அந்தாண்ட சந்துல வந்து பூந்தா நான் இன்னா பண்றது?"

"ஓரமாத்தானே போனா? ரோட்டுல குழந்தை போறது கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"ஓரமா போனா போதுமா?"

கூட்டம் கூடிவிட்டது. பாதிப் பேர் எனக்காகவும் பாதிப் பேர் அவருக்காகவும் பேசினார்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸுக்குள்ளிருந்து சத்தம் வந்ததும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பஸ் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து புகார் எழுதினேன். கணவர், "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல இல்ல, விடு" என்றார். விட முடியவில்லை. நாளைக்கு வேறு ஒரு குழந்தைக்கு இப்படி நடந்தால் நான்தானே பொறுப்பு என்று தோன்றியது. நன்றாகவே எழுதினேன். இடம், நேரம், வண்டி எண், எல்லாம் வரிசையாக. படித்துப் பார்த்தபோது ஏதோ போதாதது போல் இருந்தது. இதைப் படிக்கிறவர்கள் எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று பட்டது.

பஸ்ஸின் பின்னால் வந்தபோது, வலது பக்கக் கண்ணாடியில் அவர் கையைக் காதுப் பக்கம் தூக்கியதைப் பார்த்த ஞாபகம் வந்தது. ஒரு வரி சேர்த்தேன்: 'ஓட்டுநர் கைபேசியில் பேசிக்கொண்டே பேருந்தை இயக்கினார்.'

எழுதும்போது எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. வேறு எதற்குக் காதுப் பக்கம் கை போகும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் டிப்போவில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை காலை கூப்பிட்டார்கள். முடிந்தால் பிள்ளையையும் அழைத்து வரச் சொன்னார்கள். போனோம். அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த டிரைவரும், வயதில் மூத்த அவருடைய கண்டக்டரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். என் கடிதம் மேஜை மேல் இருந்தது. கடைசி வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

"ஃபோன் பேசிக்கிட்டு ஓட்டினா நாங்க சும்மா விடறதில்ல மேடம்" என்றார் அதிகாரி. "மூணு நாளா இவருக்கு டூட்டி குடுக்கல. நீங்க உறுதியா சொன்னா சஸ்பெண்ட் வரைக்கும் போகும். பேசினதை நீங்க பார்த்தீங்களா?"

"என் ஃபோன் இவர் பையிலதான் சார் இருந்துச்சு" என்று டிரைவர் கண்டக்டரைக் காட்டினார். "வேர்வை துடைச்சேன்."

"நான் மேடத்தை கேக்கறேன்."

"பார்த்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றேன்.

"நினைக்கிறீங்களா, பார்த்தீங்களா?"

பேச்சை மாற்றினேன். "ஃபோனை விடுங்க சார். கண்ணாடின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? அதைப் பார்த்திருந்தா என் பொண்ணு தெரிஞ்சிருக்க மாட்டாளா?"

கண்டக்டர் சிரித்தார். "நீங்களே ஏறி உக்காந்து பாருங்க மேடம். எவ்ளோ அழகா தெரியுதுன்னு வந்து சொல்லுங்க."

அவர் குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் அதிகாரி எழுந்துவிட்டார். வெளியே அதே மாதிரி ஒரு பஸ் நின்றது. மெக்கானிக் ஒருவருடைய சைக்கிளை வாங்கி என் மகளிடம் கொடுத்தார்கள். அன்றைக்கு எங்கே இருந்தாயோ அங்கே போய் நில் என்றார்கள். நான் புடவையைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அந்த சீட் அவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. முன்னால் ரோடு தூரத்தில்தான் தொடங்குகிறது. இடது பக்கக் கண்ணாடி எங்கேயோ அந்தக் கோடியில் இருக்கிறது. அதில் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் தெரிந்தது, பின் சக்கரம் தெரிந்தது, கொஞ்சம் தரை தெரிந்தது. மகளைக் காணவில்லை.

"பாப்பா, வந்து நில்லு."

"நின்னுட்டேன்மா."

"எங்க நிக்கிற?"

"இங்கதாம்மா!"

குரல் கிட்டத்தில் கேட்டது. சீட்டிலிருந்து எழும்பி எட்டிப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. அவளுக்குப் பொறுமை போய், சைக்கிள் பெல்லை இரண்டு முறை அடித்தாள். சத்தம் இடது பக்கம் கீழே, முன் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது. என் மகள் எட்டடியில் நிற்கிறாள், பெல் அடிக்கிறாள், என் கண்ணுக்கு அவள் இல்லை.

இந்த இடத்துக்குத்தான் அவளை நான் தினமும் பாடம் ஒப்பிக்க வைத்து அனுப்பியிருக்கிறேன்.

டிரைவர் கீழே நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார். "பஸ்ஸுக்குப் பின்னாடி பத்தடி தள்ளிப் போய் நிக்கச் சொல்லுங்கம்மா. கொஞ்சம் இந்தாண்ட வரட்டும்."

சொன்னேன். வலது பக்கக் கண்ணாடியில் அவள் முகம் முழுசாக வந்தது. கையாட்டினாள்.

"கண்ணாடில உங்க முகம் தெரியுதான்னு அவளைக் கேளுங்க."

"தெரியுதும்மா! நீ அழுறியா?"

"அவ்ளோதாம்மா கணக்கு" என்றார் டிரைவர். "என் மூஞ்சி அவங்களுக்குத் தெரிஞ்சா, அவங்க எனக்குத் தெரிவாங்க. நிக்கிற பஸ்ஸுக்கு இடது பக்கம் மட்டும் பூரவே கூடாது. ஆள் இறங்குற பக்கம், நாங்க ஓரம் கட்டுற பக்கம். பின்னாடியே நின்னுட்டு, பஸ் போனதும் போகணும்."

திரும்ப அறைக்குள் வந்ததும் அதிகாரி என் மகளிடம், "ஏம்மா அந்தச் சந்துக்குள்ள போன?" என்று கேட்டார்.

"எங்கம்மாதான் சார் சொன்னாங்க. பஸ் நின்னாலும் ஓரமாவே போயிடணும்னு. தினமும் ஒப்பிக்கணும்."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த கண்டக்டர்கூட தரையைப் பார்த்தார். அவள் பொய் சொல்லாமல் நின்ற இடத்தில் நான் மட்டும் எப்படிப் பொய்யோடு நிற்பது?

"சார், ஃபோனை நான் பார்க்கல" என்றேன். "கையைத் தூக்கினதுதான் பார்த்தேன். மீதியை நானா எழுதிட்டேன்."

அதிகாரிக்குக் கோபம் வந்தது. "படிச்சவங்க நீங்க. ஒரு வரிதானேன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க. வாயால சொன்னா ஆகாது, எழுதிக் குடுங்க" என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

முதல் கடிதத்தை ஒரு சாயங்காலத்தில், ரசித்துக்கூட எழுதியிருந்தேன். இந்தக் கடிதம் நாலே வரி. அரை மணி நேரம் ஆனது. 'தவறுதலாக' என்று முதலில் ஆரம்பித்தேன். அது சரியில்லை என்று பட்டு அடித்தேன். கைபேசியை நான் பார்க்கவில்லை, புகார் வலுவாக இருக்கட்டும் என்று எழுதினேன், என் மகளை அந்தப் பக்கமாகப் போகச் சொன்னதும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி அதை டிரைவரிடமே படிக்கக் கொடுத்தார். அவர் மெதுவாகப் படித்துவிட்டு, "சரி சார்" என்று மேஜை மேல் வைத்தார்.

வெளியே வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார் என்று மனது எதிர்பார்த்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"நானும் அன்னிக்கு ஒரு தடவை ஜாஸ்தியா அந்தப் பக்கம் பார்த்திருக்கலாம்மா. படியில நின்ன அந்தம்மா கத்தலன்னா..." என்று நிறுத்தினார். "அது என் தப்பு. அதுக்கு நீங்க எழுதியிருந்தா நான் வாய் திறந்திருக்க மாட்டேன். ஆனா மூணு நாளா வீட்ல என் சம்சாரம், 'நிஜமா சொல்லு, ஃபோன் பேசினியா'ன்னு கேட்டுட்டே இருக்கா. காயிதத்துல எழுதி வந்ததால அவளே என்னை நம்பல."

"நான் வேணா வந்து அவங்ககிட்ட..."

"வேணாம்மா. பாப்பாவை பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்டக்டர் மட்டும் திரும்பி என் மகளிடம், "சந்துல பூராத, சரியா? ராணி மாதிரி பின்னாடியே நில்லு" என்றார்.

திங்கட்கிழமை அந்த டிரைவர் அதே ரூட்டில் வந்தார். நானும் மகளும் அவர் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றோம். கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை, தலையை மட்டும் லேசாக அசைத்தார். என் மகள் அந்த வாரமே தன் நாலு தோழிகளுக்கும் விஷயத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இப்போது அவர்கள் ஐந்து பேரும் நிற்கிற பஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாகக் காத்திருப்பதைப் பார்த்து, பின்னால் பைக்கில் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அவர்கள் நகர்வதில்லை. ஜூலை கடைசியில் நான் பின்னால் போவதையும் நிறுத்தினேன். முதல் நாள் கேட்டருகே கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

அந்த டிரைவரின் மனைவி பிறகாவது அவரை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. பயம் என்னைவிட்டுப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் யாரைப் பற்றியாவது ஒரு குறை சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம், இதைக் கண்ணால் பார்த்தேனா, இல்லை பயத்தில் நானே சேர்த்துக்கொண்டேனா என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன்; பெரும்பாலான நாட்களில், சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட வேண்டியிருக்கிறது.