திரும்பி வராத நால்வரை எழுதியவள்

காலை எட்டு ஐம்பதுக்கு அந்தச் செய்தி வந்தது. மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போன என் மனைவி ஜெசிந்தா, வழியில் மயங்கிச் சரிந்தாள். பங்காருப்பேட்டையில் இறக்கும்போது உயிர் இல்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்ததாம். அவளுக்கு வயது இருபத்தொன்பது.

அவள் என்ன வேலை செய்தாள் என்று அடக்கத்துக்கு வந்த உறவினர்கள் கேட்டார்கள். இங்கே சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில் வீடியோ கேம் செய்தோம். மந்திரமும் அரக்கரும் உள்ள கதை. ஆடுபவரோடு ஐந்து துணைவர்கள் வருவார்கள். அவர்களின் குணம், பேச்சு, கோபம் எல்லாம் அவள் எழுத்து. அதை இயக்கும் நிரல் என்னுடையது.

குகையில் ஒரு துணைவன் அடிபட்டு விழுவான். ஆடுபவர் அவனைத் தூக்கலாம், அல்லது தங்கப் பெட்டியைத் தூக்கலாம். பெட்டியைத் தூக்கினால் மற்ற நால்வரும் விலகிப் போவார்கள். பிறகு வரவே மாட்டார்கள்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. "காசு குடுத்து வாங்குறவங்கம்மா. துணையே இல்லன்னா திட்டுவாங்க."

"திட்டட்டும் சார். பொட்டி எடுத்தது அவங்கதான? தங்கச் சுரங்கத்துல எங்கப்பா ஷிப்ட்ல ஒருத்தர் செத்தா மீதிப்பேரு கேஜ் லிப்ட்ல ஏறி மேல வந்துடுவாங்க. சூப்பர்வைசர் இன்னா சொன்னாலும் அன்னிக்கு ஒருத்தரும் எறங்க மாட்டாங்க."

சோதித்துப் பார்க்க நானே ஒருமுறை பெட்டியை எடுத்தேன். நால்வரும் போனார்கள். அவர்களைத் தேடி ஊர் ஊராகச் சுற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே சிரித்தாள். "தேடு பா, தேடு. நானே எழுதல, உனக்கு எங்கேந்து கெடைக்கும்?"

அடக்கத்தன்றே விளையாட்டு வெளியானது. ஒருநாள் தள்ளிவைக்கக் கேட்டேன். "எல்லாம் முடிவாயிடுச்சு, புரிஞ்சிக்கோ" என்றார் மேனேஜர். கல்லறையில் மாலை வைத்த கையோடு அலுவலக நண்பர்கள் இருவர் வெளியீட்டு வேலைக்காக வேனில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்கள்.

இன்று மேனேஜரே அழைத்தார். "நெறைய கம்ப்ளெய்ன்ட். நாலு பேரும் திரும்பி வர்றதுக்கு ஒரு வழி வெச்சிடு. 'சாரி'ன்னு ஒரு பட்டன் போதும். அந்தப் பார்ட் உனக்குத்தான் தெரியும். முதல் ஸ்கிரீன்ல ஜெசிந்தா பேருக்கு அஞ்சலி போட்டுடலாம்."

"அவ எழுத மாட்டேன்னதுக்கு அவ பேரா சார்?"

"எமோஷனல் ஆவாத. சாயந்திரத்துக்குள்ள முடிச்சிடு."

முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். வேலை போகும். போகட்டும். வேறு யாராவது அந்தப் பட்டனை வைக்கக்கூடும். என் கையால் நடக்காது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பிடிவாதம் மட்டும்தான்.

அலுவலக நண்பர்கள் துக்கம் கேட்க வர வேண்டாம். மற்றவர்கள் மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், இருப்பேன். இதைப் போட்டதும் போனை அணைத்துவிடுவேன்.