ஒட்டுப் போட்ட பதிகம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் இன்று காஞ்சிபுரத்தில் என் தறிப் புடவை இல்லாமல் பெண்ணை மணையில் உட்காரவைக்காத பெரிய குடும்பங்கள் உண்டு. எட்டு வயதிலேயே ஒரு மனிதரின் பிழைப்பைக் காப்பாற்றியவன் நான். வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்க ஓர் ஓதுவார் இருந்தார். சம்பளம் கிடையாது, ஒரு நாளைக்கு ஒரு வீடென்று முறைவைத்துச் சோறு. கோயில் மண்டபத்தில் உட்காரவைத்து, ஓர் எழுத்து வழுக்கினாலும் முதலிலிருந்து பாடச் சொல்வார். பாட்டு சாமியுடையது, அதில் நாம் கைவைக்கக் கூடாது என்பார்.

என்னை வளர்த்த பெரியப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "நாலு வீட்டுச் சோறு துன்னுக்கினு என்னாதான் சொல்லித் தரீங்க ஓதுவாரே? வர்ற வெள்ளிக்கிழமை எங்க பையன் சாமி முன்னாடி ஒரு பதிகம் தடங்கலில்லாம சொல்லட்டும். இல்லன்னா வேற ஊர் பாத்துக்கங்க" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சன்னதி முன்னால் தெருவே நின்றது. ஐந்து பாட்டு தண்ணீராய் ஓடியது. ஆறாவதில் நின்றுவிட்டேன். ஓதுவாரின் விரல்கள் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

"என்னாடா, பாவு அறுந்துபோச்சா?" என்றார் பெரியப்பா. கூட்டம் சிரித்தது.

தறியில் பாவு இழை அறுந்தால் கையில் அகப்பட்டதை எடுத்து முடிபோடுவது எங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே மெட்டில் வேறொரு பதிகம் எனக்குத் தெரியும். அதை இழுத்து ஒட்டினேன். மூச்சுவிடாமல் முடித்தேன்.

பெரியப்பாவுக்கு மெட்டு தெரியும், பாட்டு தெரியாது. "சரியா சொன்னானா ஓதுவாரே?"

ஓதுவார் என்னைப் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்தபடி நின்றார்.

"சரிதான்" என்றார்.

மறுநாள் எங்கள் வீட்டு முறை. பெரியம்மா வடை பாயசத்தோடு இலை போட்டாள். அவர் வரவில்லை. விடிகாலையில் மூட்டையோடு தாமல் பக்கம் நடந்துபோனதாகப் பால்காரர் சொன்னார்.

"பையந்தான் நல்லா பாடிட்டானே, அப்புறம் ஏம்பா போனாரு?" என்று பெரியம்மா எல்லோரையும் கேட்டாள்.

"எனக்குத்தான் எல்லாம் வந்துடுச்சே பெரீமா! அவருக்கு இங்க இன்னா வேல?" என்றேன். வீடே சிரித்தது. அவருக்குப் போட்ட இலையில் நானே உட்கார்ந்து, இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.