டோல் தாண்டினால் மஞ்சள்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று மூன்று லாரிக்கு முதலாளி. யாரையும் பார்த்ததும் எடைபோட்டுவிடுவேன். மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் அமர்ந்த அந்த அம்மாவிடம்தான் தோற்றேன்.

ஐம்பது வயதிருக்கும். குருபோங் தொழிற்சாலையில் வேலையாம். கழுத்துவரை பூட்டிய கறுப்புக் கோட்டோடு ஏறியவர், ஊரைவிட்டு நெடுஞ்சாலை டோல் தாண்டியதும் அதைக் கழற்றினார். உள்ளே மாம்பழ மஞ்சள் சட்டை, ஊதாக் கால்சட்டை. பெரிய கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார்.

"லீவு கெடச்சா இப்படித்தான் கேஎல் சுத்துவேன் அங்கிள். பசார் கடைங்க, கோபுரம், ஒன்னும் விடமாட்டேன். எங்க ஊரு புக்கிட் காத்தில்ல இப்படிப் பாத்தா, புருஷன் செத்தவளுக்கு மினுக்கான்னு கேப்பாங்க."

"கேக்கத்தான் செய்வாங்க லா. நம்ம வயசுக்கு வெள்ளைதான் மரியாதை," என்றேன்.

"மூணு லாரி வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அதெல்லாம் என்ன கலரு?"

"சிவப்பும் மஞ்சளும். எவ்வளவு தூரத்துல வந்தாலும் தெரியும்!"

"லாரி மட்டும் ஊருக்குப் பயப்படாதா அங்கிள்?"

குனிந்து என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

மாலையில் திரும்பும் பஸ்ஸிலும் அவர் இருந்தார். டோல் நெருங்கியதும் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்; போடவில்லை. மலாக்காவில் பஸ் நின்றதும் அதைப் பைக்குள் திணித்துவிட்டு, மஞ்சள் சட்டையோடே இறங்கி, புக்கிட் காத்தில் பஸ்ஸுக்கு நடந்தார்.

அத்தனை கூட்டத்திலும் தூரத்திலிருந்தே தெரிந்தார். அவர் ஏறும்வரை நான் நகரவில்லை.