கழுவிக் காயப்போட்ட துணி

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். நோயாளிகளிடமிருந்து எடுக்கும் சதைத் துண்டுகளை மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றிச் சாயம் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் இன்னதென்று எழுதுபவர் டாக்டரம்மா. வாரம் இரண்டு நாள் மதுரையிலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் எதையாவது திருத்தினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் மேஜையைப் போலச் சுத்தமான மேஜை ஜில்லாவிலேயே கிடையாது என்ற நினைப்பு.

பொடித் துண்டுகளை அப்படியே மருந்தில் போட்டால் தொலைந்துவிடும். அதனால் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியில் சின்னப் பொட்டலமாகக் கட்டிப் போடுவோம். எங்கள் ஊரில் காஸ் துணிக்கா பஞ்சம்? என் வீட்டுக்காரரே பேண்டேஜ் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். அவர் கொண்டுவரும் வெட்டுத் துண்டில்தான் வீட்டில் காபி வடிகட்டுவது முதல் எல்லாம். கிழிகிறவரை கழுவிக் கழுவி உபயோகிப்போம். அந்தப் பழக்கத்தை லேபுக்கும் கொண்டுபோனேன். வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயவைத்து, மறுபடி எடுத்துக்கொள்வேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சிக்கனக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சுந்தரபாண்டியத்துப் பெண் ஒருத்தி. முப்பது வயது இருக்கும். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. மாதவிலக்கில் கோளாறு என்று கர்ப்பப்பையைச் சுரண்டி எடுத்த சதை எங்களிடம் வந்தது. டாக்டரம்மா புற்றுநோய் என்று எழுதினார். கர்ப்பப்பையை எடுத்துவிட மதுரையில் ஏற்பாடாகிவிட்டது. அங்கே கொண்டுபோக ஸ்லைடுகளை வாங்கிக்கொள்ள அவளும் புருஷனும் வந்திருந்தார்கள்.

"ஏக்கா, அதை எடுத்துட்டா பொறவு பிள்ளைக்கு வழியே இல்லையாமே?" என்று கேட்டாள்.

"செத்த நேரம் உக்காரும்மா, எடுத்துத் தாரேன்" என்று உள்ளே போய்விட்டேன்.

மனசு சரியில்லையென்றால் எதையாவது மடித்து வைப்பது என் வழக்கம். காய்ந்திருந்த துணிகளை எடுத்து மடித்தேன். ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் உதறிப் பிடித்தபோது இழைகளுக்கு நடுவே கடுகில் பாதி அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது. நூல் முடிச்சு என்று நகத்தால் கிள்ளினேன். சதை! நோட்டைப் புரட்டினேன். இவளுடைய சதைக்கு முந்தின நாள் வேறொரு அம்மாவின் கர்ப்பப்பைச் சதை வந்திருந்தது. அவருக்குப் புற்றுநோய் உறுதி. அன்றன்று அலசும் துணியையே மறுநாள் எடுப்பேன் என்பதால், அந்தப் பொட்டலத்துத் துணியைத்தான் இவளுக்குக் கட்டியிருக்க வேண்டும். அதில் ஒட்டியிருந்த துணுக்கு இவள் சதையோடு கலந்திருந்தால்?

வேலை போய்விடுமே என்று பயந்தேன். துணியைக் குப்பையில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு அதை ஏந்திக்கொண்டு, அன்று வந்திருந்த டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன்.

அவர் கத்தவில்லை. இரண்டு பேருடைய ஸ்லைடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சுந்தரபாண்டியத்துப் பெண்ணின் ஸ்லைடில் ஒரே ஒரு துண்டில்தான் நோய் இருந்தது. அதுவும் அந்த அம்மாவின் சதையை அப்படியே ஒத்திருந்தது.

"இந்த ஒண்ணை வெச்சுத்தான் எழுதினேன். எனக்கும் சந்தேகம் வந்திருக்கணும்க்கா" என்றார்.

என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மறுபடி சதை எடுத்துப் பார்க்கும்வரை ஆபரேஷன் வேண்டாம் என்றார்.

"வீட்டுல எம்புட்டு அழுதிருக்கோம் தெரியுமா? கழுவுன துணியாம்ல, கழுவுன துணி!" என்று புருஷன் கத்தினார். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். அத்தனையும் நியாயம்தான்.

அன்றைக்கே பழைய துணிகளை எரித்தோம். ஒரு சதைக்கு ஒரு புதுத் துணி, ஒவ்வொன்றுக்கும் இடையில் கத்தி, இடுக்கி, சீவலை மிதக்கவிடும் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் துடைப்பது என்று நானே எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டாவது முறை அவள் சதை வந்தபோது புதுத் துணியில் கட்டினேன். டாக்டரம்மா பார்த்தார், மதுரையில் அவருடைய சீனியரும் பார்த்தார். நோய் இல்லவே இல்லை!

அவளிடம் நான்தான் சொன்னேன். புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். அவள், "அப்ப அந்தத் துண்டு யாருதுக்கா?" என்றாள்.

"பேரு சொல்லக் கூடாதும்மா. அவியளுக்கு ஆபரேஷன் முடிஞ்சிட்டு."

"பேரு வேண்டாம். இப்ப ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போறோம். ஆண்டாளுக்கு ரெண்டு மாலையா வாங்கிக் குடுத்துருதேன், ஒண்ணு அவியளுக்காக" என்றாள்.

என் தப்பு, என் வேலை, இவளுடைய கர்ப்பப்பை என்று நான் தவித்த அத்தனை நாளும் அந்த இன்னொரு அம்மா எனக்கு நோட்டில் ஒரு நம்பர்தான். அவரையும் ஒரு மனுஷியாக முதலில் நினைத்தது, என்னால் அத்தனை அழுத இவள்தான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கிவிடும்.